அக்குரேட்டு வூட்டுப் பொண்ணு

என் மருமகள் டீச்சர் வேலைக்கான பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மத்தியானத்தில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இங்கிலீஷ் வார்த்தைகளை வாய்விட்டுப் படிப்பாள். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறுமாம். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வேன், இல்லையென்றால் பூண்டு உரிப்பேன். அந்த வார்த்தைகள் எல்லாம் கை காட்டினாலும் நிற்காத வேப்பூர் பஸ் மாதிரி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு ஒன்று நின்றுவிட்டது.

"அக்யுரேட்" என்று படித்தாள். அவள் அதை நுனி நாக்கில் பட்டும் படாமலும் சொன்னாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் கனம் உண்டு. அக்குரேட்டு. கடைசியில் வருகிற அந்த 'ட்டு'வில் எங்கப்பா மரச் சுத்தியால் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு தட்டுவார்.

கீரையில் இருந்த கை அப்படியே நின்றது. முகம் சுட்டது. பேரப்பிள்ளை எடுத்த வயசில், ஒரு வார்த்தை காதில் விழுந்ததற்குப் போய்க் காது மடல் வரைக்கும் சூடு ஏறுகிறது என்றால் வெளியே சொல்ல முடியுமா?

"என்னா அத்த, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. கீரையில புழு."

"புழுவுக்கா இப்புடி செவக்குறீங்க?" என்று சிரித்தாள். அப்புறம் போனைத் தடவி, "இந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சுன்னு போட்டிருக்குது பாருங்க" என்று எதையோ படித்துக் காட்டினாள். அவள் படித்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் சிவந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். நான் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான் படித்தவள். ஏன் அஞ்சோடு நின்றேன் என்பதும் இதற்குள்ளேயேதான் இருக்கிறது.

எங்கப்பாவுக்குப் பீங்கான் ஃபேக்டரியில் சூளை அடுக்குகிற வேலை. விருத்தாசலத்தில் ஃபேக்டரி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கரண்டு கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ், ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கப்பு, சாசர் எல்லாம் செய்வார்கள். அச்சில் வார்த்துக் காயவைத்த பச்சைச் சாமான்களை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் சூளைக்குள் அடுக்குவது அப்பா வேலை. பச்சையாக உள்ளே போகிறது வெந்து வெளியே வரும்போது இளைத்துத்தான் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேண்டாமென்று ஒதுக்கிய பச்சைக் கப்பையும் வெந்த கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மா கப்பு, பாப்பா கப்பு என்றுதான் நாங்கள் விளையாடுவோம்.

ஒரு நாள் வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினியர் சூளையைப் பார்க்க வந்தாராம். அப்பா அடுக்கியிருந்ததைக் குனிந்து பார்த்தாராம். சாமானுக்கும் சாமானுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாராம். அப்புறம் அப்பா தோளில் தட்டி இந்த ஒரு வார்த்தையைச் சொன்னாராம். என்ன அர்த்தம் என்று அப்பா யாரையும் கேட்கவில்லை. தோளில் தட்டிச் சொன்னதால் நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு அக்குரேட்டு. கடலூர் ரயில் வருகிற நேரம் அக்குரேட்டு. பழமலைநாதர் கோயில் தேர் திரும்புகிற திருப்பம் அக்குரேட்டு. தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸம்மா வந்து ஆண்பிள்ளை என்று சொன்னதும், கைகூப்பி, "அக்குரேட்டுங்க" என்றாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே திட்டுவாள். "ரெண்டாவதும் பொட்டப்புள்ளயா பொறந்திருந்தா கோணலுன்னு சொல்லியிருப்பாரோ என்னமோ."

தெருவில் அப்பாவுக்குப் பேரே அதுவாகிவிட்டது. கடைக்குப் போனால், "அக்குரேட்டு வூட்டுப் பொண்ணு வந்திருக்குது, எடைய சரியாப் போடுய்யா, அப்புறம் அவரு வந்துடுவாரு" என்று கடைக்காரர் சொல்வார். நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சின்ன வயசிலேயே கூச்சம் அதிகம். யாராவது பெயரைக் கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். தெருவில் நடக்கும்போது வீட்டு நிழல்களுக்குள்ளேயே புகுந்து புகுந்து நடப்பேன்.

ஒரு தடவை மட்டும் தைரியம் வந்து, கிளாஸ் விட்டதும் டீச்சரிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "துளிகூடப் பிசகாம இருக்குறது" என்றார். துளிகூடப் பிசகாமல் இருக்கிறவர் என்று ஊரே ஒருத்தரைக் கூப்பிட்டால், அவர் ஒரு நாளும் பிசகக் கூடாதே.

வாய் திறந்து பேசாத எனக்குப் பாட்டு மட்டும் எப்படியோ வந்தது. பாடும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம், அதனாலிருக்கும். அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்து பாட டீச்சர் என்னைத்தான் சொன்னார். விழாவுக்குப் பெண்கள் பெரிய ஸ்கூலின் ஹெட்மிஸ்ட்ரஸ் வருகிறார்கள் என்றும் சொன்னார். வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவுக்கு இல்லை.

"பாட்டெல்லாம் பாடட்டும். அஞ்சு முடிச்சதும் நின்னுடணும். இவன யாரு தூக்குறது? நா களையெடுக்கப் போவணுமா வேணாமா?"

"பெரிய டீச்சரம்மா வராங்க இல்ல. புள்ள பாடுறத அவங்க கேக்கட்டும். அவங்களே நம்மளக் கூப்புட்டு, இந்தப் பொண்ண எங்க ஸ்கூல்ல சேத்துவுடுங்கன்னு சொன்னா?"

"சொன்னா?"

"சொன்னா அனுப்பணும்."

"சொல்லலன்னா?"

அப்பா, "சொல்லலன்னா ஒன் இஷ்டம்" என்றார்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து இதைக் கேட்டேன். பெரிய ஸ்கூலில் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை போட்டு, இரட்டைச் சடை மடித்துக் கட்டிக்கொண்டு போகிற அக்காக்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். நான் எதையும் கேட்டு வாங்கின பிள்ளை இல்லை. அதை மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சேத்தியாத்தோப்பு மாமா பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த துணி ஒன்று பெட்டியில் இருந்தது. பச்சையில் மாம்பழக் கரை போட்ட பாவாடைத் துணி, அதற்குக் கடுகு நிறத்தில் சட்டைத் துணி. நான் வயசுக்கு வந்தால் ஆகும் என்று அம்மா எடுத்து வைத்திருந்தாள். அப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்கு டெய்லரிடம் போனார்.

டெய்லர் நல்ல மனுஷர்தான். கழுத்தில் டேப்பு தொங்க எழுந்து வந்து, "கையத் தூக்கு பாப்பா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஆம்பளை என் மேல் டேப்பு வைக்கப்போகிறார் என்பதே தாங்கவில்லை. அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றுகொண்டேன். துணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். "புள்ளைக்கு இப்பவே இம்மாம் வெக்கமா?" என்று ஒரு அம்மா என் கன்னத்தைப் பிடிக்க வந்தது. நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

அப்பா என்னை அதட்டவில்லை. "வேணாம் வுடுங்க. நானே வூட்டுல அளந்துட்டு வந்து சொல்றேன்."

"அப்ப இந்த டேப்ப எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. நாளைக்குக் குடுங்க."

"துணி டேப்பா? அது இழுத்தா நீளும், வுட்டா சுருங்கும். அளவுன்னா அக்குரேட்டா இருக்கணும்ங்க."

டெய்லர் டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கடையில் எல்லாரும் மறுபடி ஒருதரம் சிரித்தார்கள். இந்தத் தடவை அப்பாவைப் பார்த்து.

ஃபேக்டரியில் அச்சு செய்கிற கொட்டகை தனி. அங்கே அச்சு மேஸ்திரி ஒரு எஃகு ஸ்கேலைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். வேலை நேரத்தில் வெளியே வரும், முடிந்ததும் எண்ணெய் போட்டுத் துடைத்து உள்ளே போய்விடும். சூளைக்காரர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. ஆனால் அந்த ஸ்கேலால் அளந்து செய்த ஃபியூஸ் கட்டைதான் சூளையிலிருந்து வெந்து வரும்போது சொன்ன அளவில் கச்சிதமாக இருக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். வெந்த கட்டைகளைத் தினமும் சூளையிலிருந்து எடுத்து வைக்கிறவரே அவர்தானே. அந்த ஃபேக்டரியிலேயே உசத்தியான ஸ்கேல் அது என்று அவருக்கு நம்பிக்கை. எப்படிக் கெஞ்சினாரோ, "வூட்டுல ஒரு சின்ன வேல" என்று மட்டும் சொல்லி, ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே அளந்துவிட வேண்டும் என்று பின்வாசலில் என்னை நிற்கவைத்தார். கையில் சணல் நூல். என்னைத் தொட்டால் நான் கூசுவேன் என்று நூலை என்னிடமே கொடுத்தார். "நீயே சுத்திக்க பாப்பா." முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுற்றிக்கொண்டேன். நூலின் இரண்டு முனையும் சேர்கிற இடத்தை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார்.

"பாட்டுல ஒசரக்கப் போவுமே ஒரு எடம். அதுக்கு மூச்சு இழுப்ப இல்ல, அப்புடி இழுத்துக்க."

இழுத்தேன். "ம், இரு" என்று நூலை நகத்தால் கிள்ளிக்கொண்டார். அப்புறம் அந்த நூலைத் தரையில் ஸ்கேல் மேல் நீட்டி வைத்து, குனிந்து நம்பரைப் படித்தார். தோள், கை, கழுத்து, இடுப்பு, பாவாடை நீளம், எல்லாம் அதே மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல், நூலில் ஒரு முடிச்சு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "புள்ளைக்குச் சட்டை தைக்கிறாரா, சூளை கட்டுறாரா?" என்று கேட்டாள்.

மறுநாள் கடைக்கு நடக்கும்போது வழியெல்லாம் அந்த நம்பர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் கடைக்குள் போகவில்லை. வெளியே யாருடைய சைக்கிளையோ பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சு காதில் விழுந்தது.

"சட்டைக்கு லூசு எவ்ளோ வுடட்டும்ணே?"

"லூசே வேணாம். மூச்ச இழுக்கச் சொல்லியில்ல அளந்தேன், லூசு உள்ளயே இருக்குது. நா சொன்ன அளவுக்கு ஒரு நூலு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

"அளவு கொஞ்சம் சின்னதாத் தெரியுதேண்ணே. பொண்ணு அவ்ளோ பொடுசு இல்லயே."

"அளந்தது நானா நீங்களா?"

"நீங்கதாண்ணே. அப்புறம் எந்தலைய உருட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

டெய்லர்கள் வழக்கப்படி, விழா அன்றைக்கு மத்தியானம்தான் துணி வந்தது. அம்மா எனக்கு மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டாள் என்பதைவிடத் திணித்தாள் என்று சொல்லலாம். கை புஜத்தைக் கடித்தது. கழுத்து தொண்டையில் உட்கார்ந்தது. பாவாடை கணுக்கால் எட்டாமல் மேலேயே நின்றது. ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் தப்பு என்று இருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சின்னதாக, என்னைவிடச் சின்னவள் ஒருத்திக்குப் பார்த்துத் தைத்த மாதிரி இருந்தது.

"ஏங்க, இதென்னாங்க இது? பழசையே போட்டுக்கிட்டுப் போவட்டும்."

பழைய சட்டையில் மசிக் கறை. தோளில் ஒட்டுத் துணி. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பரிட்சையில் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளையின் முகம் அது.

"பத்துதுப்பா" என்றேன்.

"அக்குரேட்டா?"

தலையை ஆட்டினேன்.

ஸ்கூல் மைதானத்தில் பந்தல் போட்டு, பெஞ்சுகளைச் சேர்த்து மேடை கட்டியிருந்தார்கள். பெரிய ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளுத்த புடவையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் அப்பா தேய்த்த சட்டையில், தம்பியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நின்றார். நான் மைக்குக்கு முன்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் வந்தது. தாழ்ந்த இடத்தில் மூச்சு அதிகம் வேண்டாம். டீச்சர் பக்கத்தில் நின்று மெதுவாகத் தாளம் போடுவது கேட்டது. பந்தல் அமைதியாகிவிட்டது. எனக்கே அந்தக் குரல் என்னுடையதா என்று இருந்தது. அப்புறம் அந்த உயரமான இடம் வந்தது. அதற்கு வேண்டிய மூச்சை இழுத்தேன்.

முதலில் ஒரு ஹூக்கு தெறித்தது. அதற்குப் பின்னாலேயே அக்குளுக்குக் கீழே தையல் விட்டு, துணியும் சேர்ந்து இடுப்பு வரைக்கும் டர்ரென்று கிழிந்தது. பக்கத்தில் மைக் இருந்தது. என் பாட்டைவிட அந்தச் சத்தத்தைத்தான் மைக் பெரிதாக எடுத்துச் சொன்னது.

ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு நொடிதான் இன்னும் எனக்குள் இருக்கிறது. அப்புறம் பையன்கள் பக்கம் ஆரம்பித்தது, பந்தல் முழுக்கப் பரவியது. நான் அப்படியே கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் உடம்பைக் கட்டிக்கொண்டேன். டீச்சர் மேஜை விரிப்பை உருவி என்மேல் போர்த்திக் கீழே இறக்கிக் கூட்டிப்போனார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ சொன்னார்கள். நல்லதா கெட்டதா என்று எனக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

மேஜை விரிப்போடு தெருவில் வரும்போது, என் கிளாஸ் பெண் ஒருத்தி பின்னாலேயே வந்து, "அக்குரேட்டாக் கிழிஞ்சிச்சுடி!" என்றாள். கூட வந்தவள், "சட்டையச் சூளையில வச்சு எடுத்துட்டாங்க போல, எளைச்சுப் போச்சு" என்றாள். சூளை ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு என்ன கேலி வரும்?

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். அம்மா டெய்லரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் கைக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்த்தபோது, அப்பா தரையில் உட்கார்ந்து பழைய நூல்களை எடுத்து, மேஸ்திரியிடம் இன்னொரு ராத்திரிக்கு இரவல் வாங்கி வந்திருந்த அந்த ஸ்கேலில் முடிச்சுக்கு முடிச்சு மறுபடியும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக. "சரியாத்தான இருக்குது" என்று தனக்குத்தானே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மானம் போய்விட்டது, இவருக்கு இன்னும் தன் அளவு சரியென்று காட்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் ஸ்கேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா டெய்லரிடம் சண்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"போவாத. தப்பு அவரு மேல இல்ல. நாந்தான் தப்பா அளந்துட்டேன்" என்றார். வருகிற வழியில் டெய்லர் கடைக்கே போய், எல்லாரும் இருக்கும்போதே அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அது போதாதா ஊருக்கு? தேர் திரும்பினால், "அக்குரேட்டு அண்ணே, நீங்க அளந்த தேராண்ணே இது?" என்பார்கள். டீக்கடையில் டீ குறைந்தால், "அக்குரேட்டு அளவு போட்டுட்டியாய்யா?" என்பார்கள். அப்பா தலையைக் குனிந்து போய்க்கொண்டே இருப்பார். பின்னால் வருகிற நானும் குனிந்துகொள்வேன்.

அன்றிலிருந்து அப்பா வாயில் அந்த வார்த்தை வரவே இல்லை. குழம்பு நன்றாக இருந்தால் "நல்லாருக்குது" என்பார். ரயில் வந்தால் "வந்துடுச்சு" என்பார். நான் அதைக் கவனித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னைப் பார்த்தால் அவருக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் சொல்வதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து ஸ்கூல் திறக்கிற சமயத்தில் அம்மா தம்பியை என் இடுப்பில் வைத்துவிட்டு வயலுக்குப் போனாள். அவள் இஷ்டம் என்று அப்பாதான் சொல்லியிருந்தாரே. இருந்தாலும் ஒரு தடவை என்னிடம் கேட்டார். "பெரிய ஸ்கூலுக்குப் போறியா பாப்பா?" அந்த ஊரில் என்னைத் தெரியாத பெண் யார் இருக்கிறாள்? அத்தனை பேருக்கு நடுவில் போய் உட்கார வேண்டும். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அப்பா மறுபடி கேட்கவில்லை. பாட்டும் அதோடு சரி. தம்பிக்குத் தாலாட்டு பாடினாலும், உயரப் போகிற இடம் வந்தால் நான் முன்னாலேயே கீழே இறங்கிவிடுவேன்.

எனக்கு வாய்த்த வீட்டுக்காரரும் பீங்கான் ஃபேக்டரிக்காரர்தான். அச்சுக் கொட்டகையில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் இருக்கும், ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு எஃகு ஸ்கேல்.

"எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு நெச ஸ்கேலு. இன்னொண்ணு பொய் ஸ்கேலு" என்று சிரித்தார். இரண்டையும் என் கையில் கொடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆரம்பத்தில் கோட்டுக்குக் கோடு ஒன்றாகத்தான் தெரிந்தது. போகப் போக ஒன்று முந்திக்கொண்டு போனது. அதில் ஒவ்வொரு இஞ்சும் நிஜ இஞ்சைவிடக் கொஞ்சம் நீளம்.

"மண்ணு சூளையில எளைக்கும் இல்ல? இதுல அளந்து அச்சு வெட்டுனா, எளைக்கிற அளவையும் சேத்துப் பெருசாவே வெட்டிடலாம். வெந்து வந்தா நெச அளவுல நிக்கும். கணக்குப் போட வேண்டியதில்ல."

"மனுஷன இதுல அளந்தா?"

"மனுஷன எதுக்கு அளக்குறது? அளந்தா ஆளு சின்னவனாத் தெரிவான்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பெரிய இஞ்சில் அளந்தால் நம்பர் குறைவாகத்தானே வரும். அந்தக் குறைந்த நம்பரைத்தான் அப்பா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். டெய்லர் அதைத் தன் சாதாரண டேப்பில் பிடித்து வெட்டினார். சட்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இளைத்திருந்தது அதனால்தான்.

அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போனபோது, அப்பா தனியாக உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னேன். "யப்பா, அந்த ஸ்கேலு பொய் ஸ்கேலாம்."

"தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"மறுநாளே. திருப்பிக் குடுக்கப் போனப்ப மேஸ்திரி சொன்னாரு."

"அப்ப ஏம்ப்பா சொல்லல? ஊரே ஒன்னப் பாத்து சிரிச்சுதே."

பெடலைச் சுற்றி, செயின் ஓடுவதைப் பார்த்தார். "ஸ்கேலு அது வேலையச் செஞ்சுது. டேப்பு வேணாம்னு சொன்னவன் நாந்தான?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொன்னா மட்டும் கிழிஞ்சது ஒட்டிக்குமா?" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பாமல் மறுபடி செயினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். என் கூச்சம் அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது போலிருக்கிறது.

இப்போது மருமகள் போனில் படித்ததைச் சொல்கிறேன். "லத்தீன்னு ஒரு பழைய பாஷையாம் அத்த. அதுல கரிசனம், கவலைங்கிறதுக்கு ஒரு வார்த்த இருந்துச்சாம், அதுலேருந்துதான் இது வந்துச்சாம். ஒடம்பு கொணமாறதுக்கு க்யூர்னு சொல்றோம் இல்ல, அதும் அதே வேர்தான். மொதல்ல இதுக்கு பாத்துப் பாத்து, கவலப்பட்டு செஞ்சதுன்னுதான் அர்த்தமாம். பிசகாம இருக்கிறதுங்கிறது பின்னாலதான் வந்து சேந்துக்கிச்சாம்."

நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். டீச்சர் எனக்கு இதைச் சொல்லவில்லையே என்று தோன்றியது. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அப்ப, பாத்துப் பாத்து செஞ்சும் தப்பாப் போயிட்டா, அதுக்கு இந்த வார்த்தையச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

மருமகள் தொட்டில் ஆட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அந்தக் காலத்துல சொல்லியிருப்பாங்களோ என்னமோ. பரிட்சையில எழுதுனா மார்க்கு போட மாட்டாங்க அத்த" என்றாள்.

போடமாட்டார்கள்தான். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். சூடு இன்னும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு நினைவில் வந்து நின்றது மேடை இல்லை. எங்கள் வீட்டுப் பின்வாசல். வெளிச்சம் போய்விடுவதற்குள் அளக்க வேண்டும் என்று அவசரமாக நிற்கிறோம். நூல் என்னைச் சுற்றி இருக்கிறது. அப்பா முகம் வேலிப் பக்கம் திரும்பியிருக்கிறது. பாட்டுக்கு இழுக்கிற மூச்சை இழுக்கச் சொல்கிறார். இழுக்கிறேன். நூல் முனையைப் பிடித்தபடி, அவரும் கூடவே மூச்சை இழுத்து அடக்கிக்கொள்கிறார். நான் விடுகிற வரைக்கும் அவரும் விடவில்லை.

இவர் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நூல் நழுவிவிடும் என்று பயப்படுகிறார் போல என்றுதான் நினைத்தேன்.